வாயிற்கதவு யாரைத் தடுத்தது?
கொள்ளைநோய்க் காலத்து முதியோர் இல்லங்கள்: ஒரு திறனாய்வு

கொள்ளைநோய் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. 2020ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய கோவிட்-19 இதை மிகக் கொடுமையான முறையில் மெய்ப்பித்தது. 22 நாடுகளின் கணக்குகளைத் தொகுத்த ஆய்வாளர்கள் 2021 பிப்ரவரியில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்நாடுகளில் இந்நோயால் மாண்டவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் முதியோர் இல்லங்களிலும் பராமரிப்பு இல்லங்களிலும் வசித்தவர்கள் என்பதே அது. மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் மட்டுமே உள்ள ஒரு கூட்டத்தாரிடமிருந்து, நூறு மரணங்களுக்கு நாற்பது மரணங்கள்!

அந்த இல்லங்கள் காவலின்றிக் கிடந்தனவா என்றால், இல்லை. நோய்ச் செய்தி வந்தவுடன் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று காப்புகள் செய்யப்பட்டன. வாயிற்கதவு பூட்டப்பட்டு, உறவினர் வருகை தடைசெய்யப்பட்டது. உள்ளே நுழைவோரின் நெற்றிக்கு நேரே வெப்பமானி நீட்டப்பட்டது. கை துடைக்கும் திரவம் வாசலில் வைக்கப்பட்டது. நம் ஊர்களில் உள்ள இல்லங்களும் இவற்றையே செய்தன. இம்மூன்றும் எந்த அளவு பயன் தந்தன, எவற்றைக் கவனியாமல் விட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது தூர தேசத்துக் கவலை அன்று. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, இந்தியா முழுவதற்கும் இது 8.6 விழுக்காடுதான். நாஞ்சில் நாட்டில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் வேறு தேசங்களிலும் வேலை பார்க்க, பெற்றோர் மட்டும் ஊரில் தங்கியிருக்கும் வீடுகள் பல. வீட்டில் துணைக்கு ஆள் வைக்க முடியாதபோது முதியோர் இல்லத்தை நாடுகிறார்கள். வடசேரிப் பேருந்து நிலையத்தில் அதிகாலையில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். மருத்துவமனைக்கும், முதியோர் இல்லத்துக்கும், தனி வீடுகளுக்கும் வேலைக்குச் செல்லும் ஆயாக்களும் ‘ஹோம் நர்ஸ்’ பெண்களும் அதில் இருப்பார்கள். நம் ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானவர்கள் இவர்களே.

கிர்க்லாந்து கற்பித்தது

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகருக்கு அருகே கிர்க்லாந்து என்னும் ஊர் இருக்கிறது. அங்கிருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் 2020 பிப்ரவரி 28 அன்று ஒருவருக்குக் கோவிட் உறுதிசெய்யப்பட்டது. மார்ச் 18ஆம் தேதிக்குள் அந்த இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்கு நோய் கண்டிருந்தது. இவர்களில் 101 பேர் இல்லத்தில் வசித்தவர்கள். 50 பேர் பணியாளர்கள். 16 பேர் பார்க்க வந்தவர்கள். இல்லவாசிகள் 101 பேரில் 34 பேர் மாண்டார்கள். அதே தேதிக்குள் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 பராமரிப்பு இல்லங்களில் நோய் தலைகாட்டிவிட்டது.

இந்த இல்லங்களில் நோய் எவ்வாறு பரவியது? பொதுநலத் துறையினர் விசாரித்துக் கண்ட காரணங்களைக் கவனியுங்கள். உடல் நலமில்லாத நிலையிலும் பணியாளர்கள் வேலைக்கு வந்தார்கள். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார். பாதுகாப்பு உடைகள் போதவில்லை. இருந்தவற்றைச் சரியாக அணியும் பழக்கமும் இல்லை. அறிகுறியை மட்டும் பார்த்து நோயாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சோதனை வசதியும் குறைவு.

உறவினர் வருகை நோய்க்கு முற்றிலும் வழிவிடாது என்று நாம் சொல்லவில்லை. அந்த 16 பேரும் நோயாளிகளே. ஆனால் உறவினர் வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ வந்து, ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டுப் போகிறவர். ஆயாவோ தினமும் வருகிறார். பத்துப் பேரைக் குளிப்பாட்டுகிறார், சோறு ஊட்டுகிறார், படுக்கை மாற்றுகிறார். இவற்றில் எதையும் ஆறடி தள்ளி நின்று செய்ய இயலாது. கதவைப் பூட்டியபோது முதலாமவர் வெளியே நிறுத்தப்பட்டார். இரண்டாமவருக்காகத் தினமும் கதவைத் திறந்தே ஆகவேண்டியிருந்தது.

ஒரு சிறு கணக்கு

இதைக் கணக்கின் மூலம் தெளிவாகக் காணலாம். உயர்நிலைப் பள்ளியில் படித்த நிகழ்தகவுப் பாடமே இதற்குப் போதும்.

ஓர் ஊரில் ஒரு காலத்தில் நூறு பேருக்கு ஒருவர் நோயைப் பிறருக்குக் கொடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று கொள்வோம். ஓர் இல்லத்தில் 20 பணியாளர்கள் அன்றாடம் வீட்டிலிருந்து வந்து போகிறார்கள். ஒரு பணியாளர் நோயற்றவராக இருக்க வாய்ப்பு 0.99. இருபது பேரும் நோயற்றவராக இருக்க வாய்ப்பு 0.99ஐ இருபது முறை பெருக்கினால் வரும் தொகை; அது ஏறத்தாழ 0.82. அதாவது, உறவினர் ஒருவரைக்கூட உள்ளே விடாத இல்லத்திலும் நோய் நுழைந்திருக்க நூற்றுக்கு 18 பங்கு வாய்ப்பு உண்டு.

நோய் ஒருவரிடம் சுமார் பத்து நாள் தங்குகிறது. பின்பு வேறொருவருக்கு வருகிறது. எனவே பத்து நாளுக்கு ஒருமுறை இந்தச் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுவதாக எண்ணலாம். இரண்டு மாதத்தில் ஆறு குலுக்கல்கள். ஆறிலும் தப்பிப்பதற்கு வாய்ப்பு 0.82ஐ ஆறு முறை பெருக்கினால் வருவது, அது 0.30. ஆகவே இரண்டு மாதத்துக்குள் நோய் உள்ளே வந்துவிட நூற்றுக்கு 70 பங்கு வாய்ப்பு இருக்கிறது.

சரி, வாசலில் வெப்பமானி இருக்கிறதே என்பீர்கள். நோயுற்ற பணியாளர்களில் பாதிப் பேரை அது கண்டுபிடித்துவிடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு பணியாளரிடமிருந்தும் வரும் அபாயம் நூற்றுக்கு அரையாகக் குறைகிறது. மேற்கண்டவாறே கணக்கிட்டால், இரண்டு மாதத்தில் நோய் நுழையும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு. அபாயத்தைப் பாதியாக்கியும் இல்லத்தின் கதி ஏறக்குறைய நாணயம் சுண்டிப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

இது எளிமையாக்கப்பட்ட கணக்கு. உண்மை வாழ்வில் ஒருவருக்கு வந்த நோய் அடுத்தவருக்கும் தொற்றுவதால் பணியாளர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள் அல்லர். எனினும் அபாயம் எந்த வழியில் வருகிறது என்பதை இது காட்டுகிறது. ஒருவரே இரண்டு இல்லங்களில் வேலை பார்த்தால், இரண்டு இல்லங்களின் குலுக்கலிலும் அவர் சீட்டு இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பமானியின் குறை

மேலே வெப்பமானிக்கு நாம் கொடுத்த மதிப்பெண்ணே அதிகம். வாஷிங்டன் மாநிலத்தில் வேறோர் இல்லத்தில் 2020 மார்ச் மாதம் 76 முதியவர்களுக்கு, அறிகுறி உண்டா இல்லையா என்று பாராமல் எல்லோருக்கும் சோதனை செய்தார்கள். 48 பேருக்கு நோய் இருந்தது. இவர்களில் 27 பேருக்குச் சோதனையன்று எந்த அறிகுறியும் இல்லை. அந்த 27 பேரில் 24 பேருக்கு அடுத்த சில நாட்களில் அறிகுறி தோன்றியது. அறிகுறி தோன்றுவதற்கு 6 நாள் முன்பே ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் உயிருள்ள வைரஸ் வளர்ந்தது. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது என்பது இதன் பொருள்.

முதியோர் உடலுக்கென்று ஒரு தனி இயல்பும் உண்டு. வயது ஏற ஏற, உடலின் இயல்பான வெப்பநிலையே சற்றுக் குறைவாக இருக்கிறது; கிருமி தாக்கினாலும் காய்ச்சல் ஓங்கி எழுவதில்லை. வழக்கமாகப் பேசுகிறவர் குழம்பிப் பேசுவது, சோறு வேண்டாம் என்பது, காரணமில்லாமல் தடுமாறி விழுவது, பகலெல்லாம் தூங்குவது ஆகியவையே பலரிடம் முதல் அறிகுறிகள். இவற்றை வெப்பமானி அறியாது. அவரைத் தினமும் கவனித்துவரும் ஆயாதான் அறிவார். அந்த ஆயாவை மாதந்தோறும் மாற்றிக்கொண்டிருக்கும் இல்லத்தில் இந்த அறிவும் இல்லாமல் போகிறது.

நமக்கு இந்தப் பாடம் புதியதா என்றால், அதுவும் இல்லை. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம் முன்பு காசநோய் மருத்துவமனையாக விளங்கியது. காசநோயாளியை ஊரிலிருந்து பிரித்து, நல்ல காற்றுள்ள இடத்தில் மாதக் கணக்கில் தங்கவைப்பதே அன்றைய மருத்துவம். அந்தக் காலத்தில், 1956ஆம் ஆண்டு, சென்னையில் புகழ்பெற்ற ஒரு சோதனை தொடங்கியது. 193 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு மருத்துவமனையில். மற்றது நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே. இரு குழுவுக்கும் ஒரே மருந்துகள். ஓராண்டு முடிவில் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணம் அடைந்தனர். அதைவிட வியப்பு, வீட்டிலேயே தங்கிய நோயாளிகளின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை.

காரணம் என்ன? மருந்து தொடங்கிய சிறிது காலத்தில் நோயாளி பிறருக்கு நோயைக் கொடுக்கும் சக்தியை இழந்துவிடுகிறார். குடும்பத்தாருக்குத் தொற்றியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய நாட்களில்தான். காசநோயும் கோவிடும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கு மருந்து இருந்தது, மற்றதற்குத் தொடக்கத்தில் இல்லை. ஆயினும், கண்டறியப்படாத நோயாளியே பெரிய ஆபத்து என்பது இரண்டுக்கும் பொது. சென்னை உலகத்துக்குக் கற்பித்த இப்பாடத்தை அறுபது ஆண்டுகளுக்குப் பின் வாசலில் வெப்பமானி பிடித்தவர்கள் நினைவில் கொள்ளவில்லை.

காற்றை மறந்தோம்

மூன்றாவது காப்பான கைத் திரவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை கழுவுவது நல்ல பழக்கம். வயிற்றுப்போக்கு முதலிய பல நோய்களை அது தடுக்கிறது. ஆனால் கோவிட் வைரஸ் முக்கியமாகக் காற்றின் வழியே பரவுவது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று, இந்நோய் காற்றில் பரவுவதன்று என்று உறுதியாக அறிவித்தது. தன் கருத்தை அது வெளிப்படையாகத் திருத்திக்கொள்ள ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இதற்கிடையே இல்லங்கள் தரையையும் கதவுப் பிடியையும் கிருமிநாசினியால் துடைத்துக்கொண்டிருந்தன. சன்னல்களைப் பற்றி அக்கறை கொண்டவர் குறைவு.

ஓர் அறையில் நோயாளி ஒருவர் மூச்சு விடும்போதும் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிவருகின்றன. மிகச் சிறியவை மணிக்கணக்கில் மிதக்கக்கூடியவை. மேலே சுழலும் மின்விசிறி இவற்றை அறை முழுவதும் கலக்குமே தவிர வெளியேற்றாது. எதிர் எதிரான சன்னல்கள் திறந்திருந்தால்தான் அறைக் காற்று வெளியேறிப் புதுக் காற்று உள்ளே வரும். கொசுவுக்கும் மழைச் சாரலுக்கும் அஞ்சிச் சன்னலை மூடி, பன்னிரண்டு பேரைப் படுக்க வைத்த கூடத்தில், ஒருவர் விட்ட மூச்சை மற்றப் பதினொருவரும் இரவெல்லாம் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

அறை நெருக்கத்தின் விளைவைக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 618 இல்லங்களில் அளந்து பார்த்தார்கள். ஓர் அறைக்கும் குளியலறைக்கும் சராசரி எத்தனை பேர் என்று கணக்கிட்டு, இல்லங்களை இரு வகையாக்கினார்கள். நெருக்கம் குறைந்த இல்லங்களில் 4.5 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நெருக்கம் மிகுந்தவற்றில் 9.7 விழுக்காட்டினருக்கு. இறப்பு முறையே 1.3, 2.7 விழுக்காடு. நெருக்கம் கூடிய இடத்தில் நோயும் சாவும் இரட்டித்தன.

இனி நம் சட்டத்தைப் பார்ப்போம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் நல்ல சட்டம். அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில் ஆதரவற்ற முதியோருக்கு இல்லம் அமைக்கலாம் என்கிறது. ஒவ்வொன்றிலும் குறைந்தது 150 பேருக்கு இடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இல்லத்தின் தரத்தை வகுப்பது மாநில அரசுகளின் பொறுப்பு. குறைந்த அளவுக்கு எண் வைத்த சட்டம் ஓர் அறைக்கு அதிக அளவு எத்தனை பேர் என்ற எண்ணை அப்பிரிவில் வைக்கவில்லை. அதிகம் பேருக்கு உதவ வேண்டும் என்ற அன்பு நியாயமானதே. ஆனால் 150 பேரை ஒரே கூரையின்கீழ், ஒரே சமையலறை, ஒரே பணியாளர் குழு என்று வைப்பது தொற்றுநோய்க்கு வசதியான ஏற்பாடு. அதே 150 பேரைப் பதினைந்து பதினைந்து பேராக, தனித்தனிப் பணியாளர்களோடு பிரித்துக் குடியமர்த்தினால், ஒரு பகுதியில் புகுந்த நோய் எல்லாப் பகுதிக்கும் தாவுவது கடினம்.

நெருக்கத்தின் தீங்கை நம் அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது காய்கறி விற்பனைக்கு வடசேரிப் பேருந்து நிலையத்தின் திறந்த வெளியைப் பயன்படுத்தினார்கள். சென்னையிலும் நோய்ப் பரவலுக்குப் பின் மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். சந்தையில் காய் வாங்குகிறவருக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று தோன்றிய எண்ணம், இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே கூடத்தில் கிடக்கும் கிழவருக்கும் அது வேண்டும் என்பது வரை நீளவில்லை.

கூலியும் கிருமியும்

இப்போது ஆயாவிடம் திரும்புவோம். காய்ச்சலோடு அவர் ஏன் வேலைக்கு வருகிறார்? அலட்சியத்தால் என்று சொல்வது எளிது. ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. பத்து நாள் வராவிட்டால் வேலையே இல்லை என்ற நிலையில் இருப்பவரிடம், உடம்பு சரியில்லையா என்று வாசலில் கேட்டால் என்ன பதில் வரும்? ஓர் இல்லத்துச் சம்பளம் போதாமல்தானே அவர் இரவுப் பணிக்கு இன்னொரு இடம் போகிறார்?

இங்கே பொருளாதாரமும் கிருமியியலும் சந்திக்கின்றன. அதற்குச் சான்றுகளும் உண்டு. லண்டனில் நோய் பரவிய ஆறு இல்லங்களில் பணியாளர்களைச் சோதித்தபோது, ஒரே இல்லத்தில் பணிபுரிந்த 227 பேரில் 39 பேருக்கு, அதாவது 17 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. பல இல்லங்களில் மாறி மாறிப் பணிபுரிந்த 27 பேரில் 14 பேருக்கு, அதாவது 52 விழுக்காட்டினருக்கு இருந்தது. மூன்று மடங்கு! இங்கிலாந்தில் 5,126 இல்லங்களை ஆராய்ந்த வேறோர் ஆய்வு, நோய்க் கால விடுப்புக்குச் சம்பளம் தரும் இல்லங்களில் பரவல் குறைவு என்றும், ஏஜென்சி மூலம் அடிக்கடி மாற்று ஆட்களை வரவழைக்கும் இல்லங்களில் அதிகம் என்றும் கண்டது.

பிரான்ஸ் நாட்டில் 17 இல்லங்களில் பணியாளர்கள் தாமே முன்வந்து, வீட்டுக்குப் போகாமல் முதியவர்களோடு இல்லத்திலேயே தங்கினார்கள். அந்த 17இல் ஒன்றில் மட்டுமே நோய் நுழைந்தது. அதே காலத்தில் நாடு முழுவதும் உள்ள இல்லங்களில் 48 விழுக்காட்டில் நுழைந்திருந்தது. இவ்வாறு முன்வரும் இல்லங்கள் வேறு வகையிலும் சிறந்தவையாக இருந்திருக்கலாம். ஆகவே வித்தியாசம் முழுவதையும் இதற்கே வரவு வைக்க முடியாது. மேலும், தன் பிள்ளைகளை விட்டுவிட்டு இல்லத்தில் தங்கு என்று ஒரு தாயிடம் கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை. எனினும் நோய் எவ்வழியே வந்தது என்ற கேள்விக்கு இந்த ஆய்வு நேரான விடை தருகிறது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். நெதர்லாந்து நாட்டில் 2020 மே மாதம் 26 இல்லங்களில் தக்க கட்டுப்பாடுகளோடு உறவினரை மீண்டும் அனுமதித்தார்கள். அக்காலத்தில் அவ்வில்லங்களில் புதிய தொற்று எதுவும் தோன்றவில்லை. நோய் தணிந்திருந்த குறுகிய காலத்துச் சோதனை இது. என்றாலும் மாதக் கணக்கில் பூட்டிய கதவை நியாயப்படுத்துவோர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஏனெனில் பூட்டுக்கும் ஒரு விலை உண்டு. மறதி நோய் உள்ள முதியவருக்கு மகளின் முகமே மருந்து. மாதக் கணக்கில் எவரையும் காணாமல் உணவைக் குறைத்து, நடையை மறந்து, சோர்ந்து போனவர்கள் பலர். உறவினரைப் பிரித்ததால் நேர்ந்த துன்பம் உறுதியானது. அதனால் கிடைத்த பாதுகாப்போ அரைகுறையானது.

பழியை வேறிடத்தில் போடுவோரும் உண்டு. இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் மருத்துவமனைகளைக் காலி செய்ய, முதியவர்களைச் சோதனையின்றி இல்லங்களுக்கு அனுப்பினார்கள். இந்தக் கொள்கை சட்டத்துக்கு மாறானது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமே. ஆயினும் அரசுத் தரப்பு ஆய்வு, இல்லங்களில் ஏற்பட்ட பரவல்களில் சுமார் 1.6 விழுக்காடு மட்டுமே இவ்வழியில் தொடங்கியவை என்றது. அன்று சோதனைகளே குறைவாக நடந்ததால் இந்த எண் உண்மையைக் குறைத்துக் காட்டியிருக்கக் கூடும். அதைப் பல மடங்கு பெருக்கினாலும், மீதிப் பெரும்பகுதிக்குக் காரணத்தை அன்றாடம் திறக்கும் கதவில்தான் தேட வேண்டியிருக்கிறது.

நம் ஏட்டில் இல்லாத பத்தி

நம் நாட்டு இல்லங்களுக்கு நோய் வராமல் இல்லை. 2020 ஜூன் மாதம் சென்னை இராயபுரத்தில் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 குழந்தைகளுக்குக் கோவிட் கண்டது. உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது. அதே மாதம் கான்பூரில் பெண் குழந்தைகள் காப்பகத்தில் 57 பேருக்கு நோய் உறுதியானது. 2021 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் 60 பேருக்கு மேல் தொற்று ஏற்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் இரண்டு தவணைத் தடுப்பூசி பெற்றவர்கள். தடுப்பூசி நோய் நுழைவதை முழுதும் தடுக்காது. சாவைக் குறைப்பதே அதன் பெரும் பயன். அது இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 2022 தொடக்கத்தில் ஹாங்காங் காட்டியது. அங்கு 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி பெறாதிருந்தனர். அந்த அலையில் மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதியோர் இல்லவாசிகள்.

ஊசி போடும் வரிசையிலும் ஒரு வேறுபாடு கவனிக்கத் தக்கது. இங்கிலாந்தில் வரிசையின் முதல் இடம் இல்லவாசிகளுக்கும் அவர்களைப் பராமரிக்கும் பணியாளர்களுக்கும் தரப்பட்டது. நம் நாட்டில் 2021 ஜனவரி 16 முதல் மருத்துவப் பணியாளருக்கும், மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்தவர்களுக்கும், மே 1 முதல் மற்ற வயதுவந்தோருக்கும் என்று வரிசை அமைந்தது. முதியோர் இல்லத்து ஆயா என்ற தனி வகுப்பு அதில் இல்லை. முப்பது வயது ஆயா மருத்துவப் பணியாளராகக் கருதப்படாவிட்டால், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம் வரை காத்திருக்க வேண்டியவர். 2020 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் முதியோர் இல்லப் பணியாளருக்குப் பாதுகாப்புச் சாதனங்கள் தர வேண்டும் என்று ஆணையிட்டது. பணியாளரை நினைவுகூர்ந்த நல்ல ஆணை அது. முகமூடிக்கு மேல், நோய்க் கால ஊதியமும் ஒரு பாதுகாப்புச் சாதனமே என்பதுதான் நம் வாதம்.

யாவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு தினந்தோறும் வெளியிட்ட கோவிட் அறிக்கை பாராட்டத் தக்க விவரம் உடையது. இறந்தவரின் வயது, பாலினம், மாவட்டம், ஏற்கெனவே இருந்த நோய்கள், சேர்ந்த மருத்துவமனை ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. இறந்தவர் வீட்டில் வசித்தவரா, இல்லத்தில் வசித்தவரா என்ற ஒரு பத்தி மட்டும் இல்லை. அந்தப் பத்தி இருந்ததால்தான் கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 41 விழுக்காட்டை மற்ற நாடுகள் கணக்கிட முடிந்தது. அதைக் கண்டு அங்கே நீதிமன்றங்களும் விசாரணைக் குழுக்களும் கேள்வி கேட்டன. சுவீடன் நாட்டு விசாரணைக் குழு 2020 டிசம்பரிலேயே, முதியோரைக் காக்கத் தவறினோம், பராமரிப்புத் துறையின் நெடுநாளைய குறைகளே அதற்குப் பெருங் காரணம் என்று எழுதியது. எண்ணப்படாத மரணத்துக்கு இத்தகைய விசாரணை கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியவை

அடுத்த கொள்ளைநோய்க்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சளிக் காய்ச்சலும் காசநோயும் ஒவ்வோர் ஆண்டும் இவ்வில்லங்களுக்கு வருகின்றன. ஓர் ஆயாவை ஓர் இல்லத்திலேயே வைத்துக்கொள்ளப் போதுமான சம்பளம். காய்ச்சல் நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. ஓர் அறைக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு. ஒவ்வோர் அறைக்கும் எதிர் எதிரான சன்னலும் கொசு வலையும். பணியாளருக்கும் இல்லவாசிக்கும் ஒரே நாளில் தடுப்பூசி. அரசு ஏட்டில் அந்த ஒரு பத்தி. இவற்றில் எதற்கும் வெளிநாட்டு இயந்திரம் தேவையில்லை.

செலவு கூடும் என்று இல்லம் நடத்துவோர் சொல்வார்கள். தருமத்தை நம்பி நடக்கும் சிறிய இல்லங்களுக்கு அது உண்மையான கஷ்டமே. அந்தச் செலவை இல்லத்தின் மேலோ ஆயாவின் மேலோ சுமத்தாமல் அரசு ஏற்பதே முறை. ஒரு நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் வைத்திருக்க ஆகும் செலவை, ஓர் ஆயாவின் பத்து நாள் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது சிக்கனம் என்பது விளங்கும்.

மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் முதியோர் இல்லத்துக்குச் செல்லும் மாணவர்கள் பழமும் ரொட்டியும் கொண்டு செல்கிறார்கள். அடுத்த முறை ஓர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் கொண்டு செல்லுங்கள். அறையின் நீள அகலம், படுக்கைகளின் எண்ணிக்கை, திறக்கக் கூடிய சன்னல்களின் பரப்பு ஆகியவற்றை இல்லத்தாரின் அனுமதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரிச் சோதனைச் சாலையில் கரியமில வாயு அளக்கும் கருவி இருந்தால் அதையும் எடுத்துச் செல்லலாம். வெளிக் காற்றில் அது பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு இருக்கும். இரவில் மூடிய கூடத்தில் எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு அங்கே ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார். பிறகு அங்குள்ள ஆயாவிடம், உடம்புக்கு முடியாத நாளில் அம்மா என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையையும் மற்ற அளவுகளோடு அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.